அயோடின் இரண்டு சொட்டு

நாளைக்கு வரும்போது
வீட்டில் இருக்கிறதில் ஏதாவது
ஒரு கைப்பிடி கொண்டுவாங்க என்றார் சுலோசனா டீச்சர்.

செங்கோட்டுவேல் கொப்பரைத் துண்டு கொண்டுவந்தான்,
அவன் அம்மாவுக்குக் காங்கேயத்துக் களத்தில்
தேங்காய் உடைக்கிற வேலை.
ஜெனிபர் அவித்த முட்டையில் பாதி,
மீதி பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டதாம்.
நான் முந்தின நாள் அரிசிம்பருப்பு,
குண்டாவின் அடியிலிருந்து சுரண்டினது.
கோகிலவாணி
பழைய இருமல் மருந்துப் பாட்டிலில் பால்.

முத்தூர்ப் பள்ளி ஆய்வகத்தில்
குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை.
வாய்க்காலில் முறை விட்டால்தான்
போரில் ஏறும்.
மூலையில் ஒரு வாளி, அதில் ஒரு செத்த தும்பி.

கொப்பரையைக் காகிதத்தில் தேய்த்தோம்.
தேய்த்த இடம் சின்ன ஜன்னலாயிற்று.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த செங்கோட்டுவேல்
அதன் வழியே கொறங்காட்டு வெள்வேலா மரம்
தெரிகிறது என்று புளுகினான்.
முட்டைக்குக் காஸ்டிக் சோடாவை டீச்சர்தான் விட்டார்,
நாங்கள் மயில்துத்தம்.
ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை,
பிறகு பார்த்தால் கத்தரிப்பூ.
ஜெனிபர் முகத்தில்
பாதி முட்டை போன வருத்தமே இல்லை.

என் அரிசிம்பருப்பு நீலமானதை
யாரும் பார்க்கவில்லை. சோறு நீலமாகும்,
அது புத்தகத்திலேயே இருக்கிறது.

பால் எங்கள் மேசையில் கடைசி.
மணி அடித்துவிடுமே என்று
ரெக்கார்டில் முன்பே எழுதிவிட்டேன்,
பேனாவால்:
பால் – மாவுச்சத்து – இல்லை.
அப்புறம்தான் விட்டேன்
அயோடின் இரண்டு சொட்டு.

சட்டைப்பையில் இங்க் கசிகிற மாதிரி
மேலிருந்து கீழே இறங்கியது நீலம்.

கோகிலா என்னைப் பார்க்கவில்லை.
‘கஞ்சி வடிச்ச சட்டியில கறந்துட்டாங்க’ என்றாள்
குழாயைப் பார்த்து.
இருக்கும் என்றேன்.
டீச்சர் அடுத்த மேசையில் இருந்தார்.
வாளித் தண்ணீரில் அவள் குழாயைக் கழுவினாள்,
பிரஷ் போட்டு, மறுபடியும் பிரஷ் போட்டு,
தும்பியை ஒதுக்கிவிட்டு இன்னொரு தரம்.
நான் எழுதினதை அடிக்கவில்லை.

அவள் அப்பா பொங்கியண்ணன் கேனில்
சொசைட்டி மிதவை ஒருநாளும் ஆழ இறங்கினதில்லை.
கெட்டிப்பால்காரர் என்றுதான் ஊரில் பேர்.
ரெண்டு மாட்டில் ஒன்று வறண்டு எட்டு மாசம்,
தவிட்டு மூட்டை விலை எல்லாருக்கும் தெரியும்.
மிதவைக்குக் கண் இல்லை,
எடை மட்டும்தான் தெரியும்.
அந்தக் கேனில் அரை லிட்டர்
எங்கள் வீட்டுக்கு.
தம்பிக்கு மூணு வயசு.
குடித்துவிட்டு உதட்டுக்கு மேல் மீசையோடு
கண்ணாடி பார்ப்பான்.

சாயங்காலம் பால் வந்தது.
தறியில் அப்பா கையைக் கிழித்துக்கொண்டபோது வாங்கின
பழுப்பு மருந்து அலமாரியில் இருந்தது,
அதிலும் அயோடின்தான், அட்டையில் போட்டிருக்கிறது.
காய்ச்சி ஆறின பாலில் அரை டம்ளர் எடுத்துக்கொண்டு
கொல்லைப்புறம் போனேன்.
கை நடுங்கி ரெண்டுக்குப் பதில் ஆறு சொட்டு.

வெளிறின மஞ்சள்.
ஆட்டினேன். மஞ்சள்தான்.
பல்பு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

பூவரசு அடியில் கொட்டினதற்கு
அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
பால் என்ன விலை விக்குதுன்னு தெரியுமா கண்ணு உனக்கு?

மறுநாள் காலையில் சொசைட்டியில்
மிதவை மூன்று கோடு கூடுதலாக முங்கியதாம்.
செயலாளர் ரெண்டுதரம் விட்டுப் பார்த்தாராம்.
‘என்னுங்க பொங்கியண்ணா, மாட்டுக்குச் சீக்குங்களா?’
‘ஆமாங்க’ என்றாராம் அவர்,
விலை குறைத்துப் போட்ட சீட்டை
நாலாக மடித்துக்கொண்டு.

சட்டி கதை நிஜமாகவும் இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

முதல் பீரியடுக்கு முன்னால் கோகிலா
என் ரெக்கார்டை வாங்கிப் பார்த்து எழுதினாள்.
கொப்பரை, முட்டை, சோறு எல்லாம் வேகமாக.
பால் வந்ததும் மூடியைக் கடித்தாள்.
பிறகு எழுதினாள், இல்லை என்று,
அத்தனை அழுத்தி.
அவள் பக்கத்தைத் திருப்பியபோது
அடுத்த தாளிலும் இருந்தது அது,
மை இல்லாமல்.